சபரகமுவ மலைகளும் மணிகளும்

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலவை நோக்கிச் செல்லும் வீதியில் ஒருவர் பயணஞ் செய்வாராயின், வயல் நடுவே ஓலையால் வேயப்பட்ட சிறு கொட்டில்களையும், அவற்றின் அருகே வெண்மணலும் கூழாங்கற்களும் குவிந்து கிடப்பதையும் காண்பார். அவை மாணிக்கக் குழிகள். தலையை நிமிர்த்தித் தெற்கே நோக்கினால், கலவானைக்கு அப்பால் முகில் கவிந்த மலைகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும். ஒரு புறம் சிங்கராச வனம். கிழக்கே இறக்குவானை மலைத்தொடர். இத்தொடரின் மிக உயர்ந்த முடியாகிய கொங்கல கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,350 மீற்றர் மேலே உள்ளது. நாட்டின் நடுவேயுள்ள பெருமலைகளிலிருந்து வளவை கங்கைப் பள்ளத்தாக்கினாற் பிரிக்கப்பட்டு, இம்மலைகள் தனித்து ஒதுங்கி நிற்கின்றன.

இம்மலைகள் அவிந்துபோன எரிமலைகள் என்று எண்ணுவோர் உளர். தணல்போற் சிவந்த மாணிக்கமும் கனல்போல் ஒளிரும் கோமேதகமும் இவற்றின் அடிவாரத்திலே கிடைக்கையில், மலையின் வயிற்றில் ஒரு காலத்தில் நெருப்பு எரிந்திருக்க வேண்டும் என மக்கள் நினைத்தது வியப்பன்று. அந்நினைவு முற்றிலும் தவறன்று, முற்றிலும் சரியுமன்று.

எரிமலைக் குழம்பு கக்கப்பட்டுப் படிந்த மலைகளைக் காண வேண்டுமாயின், மகாராட்டிர நாட்டின் தக்கணப் படிக்கட்டுப் பாறைகளுக்குச் செல்லல் வேண்டும். அங்கே ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து, குழம்பு வெள்ளமாகப் பரந்து, படைமேற் படையாக உறைந்தது. இலங்கையில் அத்தகைய எரிமலை யாதுமில்லை. கன்னியா, மகாபெலெச முதலிய இடங்களிலுள்ள வெந்நீரூற்றுக்களும் எரிமலையின் எச்சங்களல்ல. சபரகமுவ மலைகள் வெந்தது நிலத்தின் மேலன்று, நிலத்தின் கீழே.

இன்று மலையாய் நிற்கும் பாறைகளிற் பெரும்பகுதி, எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்கடலின் அடியிற் படிந்த களியும் மணலும் சுண்ணாம்புமாகும். அவற்றினூடே உருகிய பாறைக் குழம்பும் ஆங்காங்கு ஊடுருவிப் புகுந்திருந்தது. பின்னர், ஆபிரிக்கா, மடகாசுக்கர், இந்தியா, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் பண்டை நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாகியபோது, இடையில் அகப்பட்ட இப்படிவுகள் மடிந்து, நசுங்கி, இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டன. ஆங்கே 700 முதல் 900 பாகை வரையுள்ள வெப்பத்தில் அவை வெந்தன. பெரும்பாலும் உருகாமலே உருமாறின. இது நிகழ்ந்தது 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். களி கொண்டலைற்று ஆயிற்று. மணல் படிகப்பார் ஆயிற்று. சுண்ணாம்பு சலவைக்கல் ஆயிற்று.

இப்பாறைக் குடும்பத்துள் சார்னோக்கைற்று என்னும் கருநீலக் கடும்பாறைக்குப் பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரை நிறுவியவர் எனப்படும் யோப்பு சார்னோக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் வைக்கப்பட்ட கல்லை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோமசு ஒல்லந்து என்னும் புவிச்சரிதவியலறிஞர் ஆராய்ந்தார். அக்கல் சென்னைக்கு அணித்தாயுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றது. ஆகவே பல்லாவரத்துப் பாறைக்குக் கல்கத்தாவிற் புதையுண்ட ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது. பல்லாவரத்துக் கல்லும் சபரகமுவக் கல்லும் ஒரே வகையின என்பது இரு நிலங்களின் பழைய உறவுக்கு ஒரு சான்று.

காலத்தைக் கோடிக்கணக்கிற் கூறுகையில், அதனை எவ்வாறு அறிந்தனர் என்ற ஐயம் கேட்போருக்கு எழல் இயல்பு. விடை மாணிக்கக் குழியிலேயே கிடக்கின்றது. குழியிற் கிடைக்கும் கற்களுள் சேர்க்கன் என்பது ஒன்று. நீலக்கல்லின் மதிப்பு அதற்கில்லை. ஆனால் அறிஞனுக்கு அதுவே விலைமதிப்பற்றது. சேர்க்கன் பிறக்கும்போது தன்னுள் சிறிதளவு யுரேனியத்தை அடைத்துக்கொள்கின்றது. அவ்வுலோகம் மாறா வேகத்தோடு சிதைந்து ஈயமாகின்றது. எஞ்சிய யுரேனியத்தையும் விளைந்த ஈயத்தையும் ஒப்பிட்டால் கல்லின் வயது தெரியும். இலங்கையின் ஆற்றுச் சரளையில் எடுத்த சேர்க்கன்கள் சில, ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதினவென நுட்பமாகக் கணிக்கப்பெற்று, ஏனைய கற்களை அளக்கும் படிக்கல்லாக உலகின் ஆய்வுக்கூடங்களிற் பயன்பட்டு வருகின்றன. உருமாறிய பாறைகளுள்ளே அகப்பட்ட வேறு சில சேர்க்கன் மணிகளோ 300 கோடி ஆண்டுகளையும் தாண்டியவை. பழைய நிலமொன்று தேய்ந்து உதிர்த்த மணல் இந்தப் பழங்கடலில் வந்து சேர்ந்தது என்பதை அவை காட்டுகின்றன.

சிங்கராச வனத்தின் நடுவே இரும்பும் மகனீசியமும் மிகுந்த கரும்பாறைகள் ஒரு பட்டையாக அமைந்துள்ளன. வானூர்தியிலிருந்து காந்தப் புலத்தை அளந்தோர் அவ்விடத்தில் அளவுமானி விலகுவதைக் கண்டனர். அப்பாறைகளிற் பலவற்றின் மூலம் உருகிய பாறைக் குழம்பே எனலாம். இம்மலைகளை நெருப்பிற் பிறந்தவை என்ற மக்களின் ஊகத்தில் உண்மையின் கூறு உண்டு என்றது இதனாலேயே. ஆனால் அக்குழம்பும் பின்னர் ஆழத்திற் கிடந்து வெந்து வேறு உருக்கொண்டுவிட்டது.

இருபது கிலோமீற்றர் ஆழத்திற் கிடந்தது இன்று கண்முன்னே நிற்கின்றதெனில், மேலேயிருந்த அத்தனை பாறையும் மழையாலும் ஆற்றாலும் தேய்ந்து கடலுக்குச் சென்றுவிட்டதென்பது பொருள். இலங்கை நிலம் மூன்று படிகளாக உயர்ந்திருப்பதை 1929இல் அடம்சு என்னும் கனடிய அறிஞர் எடுத்துக்காட்டினார். 1938 முதல் 1944 வரை இலங்கை அரசாங்கத்தின் கனிப்பொருளறிஞராயிருந்த டி. என். வாடியா, நிலம் பாளம் பாளமாக மேலெழுந்தமையே அதற்குக் காரணமென்றார். காரணம் யாதாயினும், தேய்வு ஓயவில்லை. அத்தேய்வினாலேயே மணிகள் வெளிவந்தன.

குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லே மேனாட்டார் வாயிற் கொரண்டம் ஆயிற்று. அதுவே செந்நிறமாயின் மாணிக்கம், நீலமாயின் நீலக்கல், வேறு நிறங்களில் வேறு பெயர். தோரமல்லி என்னும் சிங்களச் சொல்லும் இவ்வாறே தூமலின் எனத் திரிந்து உலகெங்குஞ் சென்றது. குருந்தம் வயிரத்துக்கு அடுத்த வன்மையுடையது. நீரைவிட நான்கு மடங்கு நிறையுள்ளது. மலைப்பாறை உக்கிச் செம்மண்ணாகக் கரையும்போது, மெல்லியன பொடியாகி ஆற்றோடு போகும். குருந்தமும் சேர்க்கனும் வைடூரியமும் கரையாமல், நிறையினால் அமிழ்ந்து, பள்ளத்தாக்கின் அடியில் தங்கும். அச்சரளைப் படையைச் சிங்களவர் 'இல்லம்' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வீடென ஒலிப்பதும் பொருத்தமே. மணிகள் குடியிருப்பது அங்கேதான்.

இல்லம் சில இடங்களில் சில அடி ஆழத்திலேயே தோன்றும். சில இடங்களிற் பல பாகம் தோண்ட வேண்டும். குழியின் பக்கங்கள் இடியாதவாறு மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் பின்னே பன்னத்தழையைத் திணிப்பர். தழை மண்ணைத் தடுக்கும். நீரை மட்டும் கசியவிடும். நீரை இறைப்பதற்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது. சட்டமும் தழையும் மாறவில்லை. மேலே வந்த சரளையைக் கூம்பிய பிரம்புக் கூடையில் இட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றுவர். மண்ணும் மணலும் வெளியேற, நிறையுள்ளவை அடியில் ஒதுங்கும். பின்பு தேர்ச்சியுள்ள ஒருவர் வெயிலுக்கு நேரே கூடையைச் சாய்த்துக் கையால் நீவிப் பார்ப்பார். கிடைப்பது நிலக்காரருக்கும், அனுமதிப்பத்திரக்காரருக்கும், இயந்திரம் தந்தவருக்கும், குழியில் இறங்கியவருக்கும் பங்காகப் பிரியும். குழியில் இறங்கியவரின் பங்கு பெரிதாய் அமைந்த நாட்கள் மிகச் சிலவே. 1971இல் அரசு இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. 1993இல் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை ஏற்பட்டது. தோண்டிய குழியை மூடவேண்டும் என்பது சட்டம். மூடாக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்பதும் சபரகமுவ அறியாததன்று.

இச்சரளையை முதன்முதல் அறிவியற் கண்கொண்டு துருவியோருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலைஞானியாக உலகம் போற்றும் அவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். பலாங்கொடைப் பக்கத்துச் சரளையிலிருந்து வந்த கனத்த கரிய சிறு கனசதுரங்கள் அவர் காலத்திலேயே ஆராயப்பட்டு, 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளாக உலகுக்கு அறிமுகமாயின. கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர், ஊர்களிற் கைவினைஞர் நலிந்து மறைவதைக் கண்டு கலையின்பாற் சென்றார். சபரகமுவக் காடுகளுக்கு அந்த மாற்றத்தில் ஒரு பங்குண்டு எனக் கூறுதல் மிகையாகாது.

மணி தேடுவோரின் கூடையில் எலும்பும் பல்லும் அகப்படுவதுண்டு. நெடுங்காலம் அவை வீசி எறியப்பட்டன. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த போல் தெரணியகல அவற்றைத் திரட்டிப் பெயரிட்டார். இருவகைக் காண்டாமிருகம், நீர்யானை, காட்டெருமை இனத்துக் கௌர், மறைந்துபோன யானையினம் ஒன்று ஆகியவை இன்றைய நெல்வயலின் கீழே கிடந்தன. குருவிட்டவிற் கிடைத்த கடைவாய்ப் பல்லொன்றைக் கொண்டு, இலங்கையிற் சிங்கம் வாழ்ந்ததென 1939இல் அவர் நிறுவினார். சிங்கம் அடர்ந்த ஈரக்காட்டு விலங்கன்று. புல்வெளியும் சதுப்பும் பரந்திருந்த காலமொன்று இங்கே இருந்திருத்தல் வேண்டும். பனியூழியிற் கடல் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தபோது, பாக்கு நீரிணை நிலமாயிருந்தது. விலங்குகள் நடந்தே வந்தன.

சிங்கராச வனத்திலே கடைசிச் சிங்கத்தை ஒரு வீரன் கொன்றான் என ஊரார் கூறும் கதையொன்று உண்டு. அதனையும் குருவிட்டப் பல்லையும் முடிச்சுப்போட ஆசை எழலாம். அது தகாது. அப்பல்லுக்குரிய விலங்கு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தது. காட்டின் பெயரோ அரசரைச் சார்ந்து வந்திருக்கலாம்.

மனிதரின் சுவடும் பழையதே. குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரின் எலும்புகளும், நகத்தளவான கற்கருவிகளும், அவர் உண்டெறிந்த குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்புகளும் அகழப்பட்டன. மழைக்காடு மனிதன் வாழத் தகாத இடம் என அறிஞருலகம் கொண்டிருந்த கருத்து, இத்தகைய குகைகளின் முன்னே தளர்ந்துபோயிற்று.

இந்தக் காடு எவ்வாறு இவ்வளவாகக் குறைந்தது? கண்டியரசர் காலத்திற் காடு அரசனுக்குரியது. கிராமத்தார் சேனை வெட்டினர், கித்துள் சீவினர், பிரம்பும் மரமஞ்சளும் கொணர்ந்தனர். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உறுதிகாட்ட இயலாத காடு யாவும் முடிக்குரியது என்றது. உறுதி எழுதிவைக்கும் வழக்கமே இல்லாத மக்களிடம் உறுதி கேட்ட சட்டம் அது. பின்னர் முடி விற்றது, துரைமார் வாங்கினர். தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலினுக்குப் போயிற்று. கோப்பி வந்தது; 1869இல் தோன்றிய இலைநோயினால் அது அழிந்தது; தேயிலை ஏறியது; தாழ்ந்த குன்றுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பரவியது. ஈரவலயத் தாழ்நிலக் காட்டிற் பத்தில் ஒரு பங்கும் இன்று எஞ்சவில்லை.

காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலையிற் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஈடுபட்டனர். வெட்டிய நிலத்தில் நட்டு, களைபிடுங்கி, கொழுந்தெடுத்து, பால்வெட்டி, நூற்றைம்பது ஆண்டுகளாக அம்மலைச்சரிவுகளைக் காத்தவர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து கங்காணிமாரோடு வந்த தமிழர். நிலம் அவருடையதன்று, லயத்து அறையும் அவருடையதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின் நாடும் அவருடையதன்று என்றாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. 1981 ஆகத்தில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது, பலர் உடுத்த துணியோடு காட்டிலும் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் ஒளிந்தனர். 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் குடியுரிமைக் குறையைத் தீர்த்தது. மலையின் வரலாற்றை எழுதுவோர் இம்மக்களை மறந்துவிடுதல் வழக்கம்.

அவ்வாண்டு மே 17ஆம் நாள் பெய்த பெருமழையில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. எலபாத்தப் பகுதியில் மலைச்சரிவு குடியிருப்பின் மேல் இறங்கியது. தென்னிலங்கையில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2017 மே மாத இறுதியில் கலவானைப் பக்கத்தில் அதே கொடுமை மீண்டது. பாறை எத்துணைக் கடியதாயினும், அதன் மேலுள்ள உக்கிய மண் வேரினாற் பிணிக்கப்பட்டே சரிவில் நிற்கின்றது.

சிங்கராச வனம் 1875இலேயே அரசின் காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதனைக் காத்தது அறிவித்தலன்று. செங்குத்தும் சேறும் பாதையின்மையுமே. 1970களில் அக்காவல் தளர்ந்தது. மரத்தகட்டுத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டுமென, காட்டின் மேற்குப் புறத்திற் பாதை வெட்டி, இயந்திரம் ஏற்றி, பெருமரங்களைத் தேர்ந்து வீழ்த்தினர். வனசீவிகளைப் பாதுகாக்கும் சங்கத்தினரும் பல்கலைக்கழகத்தினரும் எதிர்த்தனர். வேலை கிடைக்குமென எதிர்பார்த்த கிராமத்தாருக்கு அவ்வெதிர்ப்பு உவப்பாயிருக்கவில்லை என்பதையும் கூறல் வேண்டும். 1977இல் மரம் வெட்டல் நிறுத்தப்பட்டது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் வனம் இடம்பெற்றது. மரம் இழுத்த பாதைகளில் இன்று ஆராய்ச்சியாளர் நடக்கின்றனர்.

அவர்கள் கண்டவற்றுட் சில: ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் மழை பெறும் இக்காட்டில், 25 எக்டேயர் பரப்பிற்குள் சுட்டுவிரற் பருமனுக்கு மேற்பட்ட மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணினர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டன; இனமோ இருநூறுக்கு மேல். மரங்களிற் பாதிக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதவை. பறவைகளோ பல இனம் ஒன்றுகூடி இரைதேடும் வழக்கமுடையவை. செவ்வலகுச் சிலம்பனும் கொண்டைக் கரிச்சானும் முன்னே செல்ல, மரங்கொத்தியும் செம்முகப் பூங்குயிலும் நீலவாற் காக்கையும் அடுத்தடுத்து வரும். ஒரு கணம் காடு முழுவதும் ஒலி. மறுகணம் மழைத்துளி விழும் ஓசை மட்டும். கரிச்சான் எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் கூட்டமெல்லாம் அசைவற்று நிற்கும். சில வேளை அதே குரலைப் பொய்யாக எழுப்பிப் பிறர் இரையைக் கவர்வதும் உண்டு.

யானை இம்மலைகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே எஞ்சியுள்ளது. காட்டுக்கும் தேயிலைக்கும் இடையே அது நடமாடுகையில் தோட்டத்தார் உயிரிழந்த துன்பமும் நிகழ்ந்துள்ளது. சிற்றுயிர்களே இங்கு பெருஞ்செல்வம். இறக்குவானைப் பக்கத்து மோனிங்சைட்டுக் காட்டில் மூக்கின் நுனியிற் கொம்புடைய ஓணான் இனங்கள் இரண்டு 1998இற் புதியனவாக விவரிக்கப்பட்டன. புதர்த்தவளைகளோ நீர்நிலையில் முட்டையிடுவதில்லை. ஈரமான சருகு மண்ணில் இட்ட முட்டையினுள்ளேயே வாற்பேய்ப் பருவம் கழிய, சிறு தவளையாகவே வெளிவரும். ஆகவே ஒரு குன்றின் சருகு காய்ந்துவிட்டால், அக்குன்றுக்கே உரிய தவளை அடுத்த குன்றுக்குப் போக வழியில்லை. பாக்கு நீரிணை நிலமாயிருந்த காலத்திலும் இவ்வீரக்காட்டு உயிர்கள் பல கடந்து செல்லாமல் இங்கேயே தனிக்குலமாய்ப் பெருகின என்பதை 2004இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது.

அதே 2004ஆம் ஆண்டில் இலங்கைக்குப் புதிய ஆந்தையொன்றும் விவரிக்கப்பட்டது. 1868க்குப் பின் இந்நாட்டிற் கண்டறியப்பட்ட முதற் புதிய பறவையினம் அதுவே. தீபால் வரகாகொட என்னும் பறவையறிஞர் 1995இல் ஈரவலயக் காட்டில் அதன் குரலைக் கேட்டார். 2001ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்ணாற் கண்டார். சிங்கராசத்தில் மரம் வெட்டுவதை எதிர்த்து முன்னின்ற திலோ ஒப்மன் என்பாரின் பெயரை அதற்கு இட்டனர். சாண் அளவே நீளமுள்ள செந்நிற ஆந்தை அது. காதுக் கொண்டை கிடையாது. பகலில் தாழ்ந்த புதரில் உலர்ந்த சருகுபோல் ஒடுங்கியிருக்கும். இருட்டியபின் நிலத்துக்கு அண்மையிற் பறந்து பூச்சி பிடிக்கும். அதன் குரல் ஒரேயொரு குறுகிய மெல்லோசை. நெடுநேரம் இடைவிட்டு மீண்டும் ஒருமுறை கேட்கும்.